எட்டிப் பாக்குற பல்லு

அந்த நாற்காலியில உக்காராதீங்க, ஒரு கால் ஆடும். இங்கிட்டு வாங்க, ஃபேன் காத்தும் வரும். வெயில்ல வந்த மாதிரி இருக்கு. செத்த இருங்க, டாக்டரம்மா உள்ள ஒருத்தருக்கு வேருச் சிகிச்சை பண்ணிக்கிட்டு இருக்காங்க. இப்போதைக்குக் கதவு திறக்காது.

மகளுக்கா? கூட்டிட்டு வரலையா? ஓ, முதல்ல விசாரிச்சுட்டுப் போகலாம்னு வந்தீங்களாக்கும். நல்ல காரியம். என்ன வயசு? பன்னெண்டா. அது சரியான வயசுதான். ஆனா வெளிய இத்தன பேரு காத்துக்கிட்டு இருக்கறப்ப டாக்டரம்மாகிட்ட நீங்க என்னத்தக் கேட்டுற முடியும். என்கிட்ட கேளுங்க. பல்லுக்குக் கிளிப் போடுறதப் பத்தி எனக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல. ஒருக்கா முழுசாப் பாத்து முடிச்சுட்டு இப்ப ரெண்டாவது ஆட்டத்துக்கு வந்துருக்கேன்.

எம் மக இல்லங்க. எந்தம்பி மக. இந்துஜா. நாங்க இந்துன்னு கூப்பிடுவோம். பத்தாவது படிக்கிறா. அவ அம்மா பூங்கோதை, மஞ்சக்காமாலை முத்திப் போயி இறந்துட்டா. அப்ப புள்ள நாலாவது படிச்சா. எனக்கும் வீட்டுக்காரரு இல்ல, புள்ளகுட்டியும் இல்ல. தம்பி செண்பகராஜு லோடு ஆட்டோ ஓட்டுறவன், காலையில போனா பொழுது சாயத்தான் வருவான். நான் தையல் மிஷினத் தூக்கிக்கிட்டு அவன் வீட்டுக்கே வந்துட்டேன். கோவில்பட்டியில குருவம்மா டைலர்னா பாதிப் பேருக்குத் தெரியும். அன்னையிலேர்ந்து அந்தப் புள்ளைக்கு அம்மா நான்தான். அத்தைன்னுதான் கூப்பிடுவா. அது கெடக்கு, கூப்பிடுறதுல என்ன இருக்கு.

இப்ப வந்துருவாங்க ரெண்டு பேரும். பள்ளிக்கூடத்துலேர்ந்து நேரா ஆட்டோவுல கூட்டிட்டு வாரேன்னு தம்பி சொன்னான். நான் முந்தியே வந்து பேரு குடுத்து வச்சேன். இன்னைக்கு அவளுக்குத் திரும்பக் கிளிப் மாட்டணும்.

ஏன் திரும்பன்னு கேக்குறீங்க. கேப்பீங்கன்னு தெரியும். அது என் தப்புங்க. முழுக்க முழுக்க என் தப்பு. ஒரு வருசமாகப் போகுது, இன்னும் சோத்துல கை வைக்கறப்ப அந்த நெனப்புதான் வருது. சொல்றேன். அதுக்கு முன்னாடி உங்களுக்கு வேண்டியதச் சொல்லிர்றேன், இல்லைன்னா என் கதையில அது விட்டுப் போயிரும்.

முதல்ல ஒண்ணு. இடம் பத்தலைன்னா பல்லப் புடுங்குவாங்க. சொத்தப் பல்லு இல்ல, நல்ல பல்லு. மேல ரெண்டு, கீழ ரெண்டு. அதக் கேட்டு மனசத் தேத்திக்கிட்டு வாங்க. எனக்கு யாரும் சொல்லல. ஊசி போட்டு, புள்ள வாயிலேர்ந்து முத்து மாதிரி பல்ல எடுத்து டிரேயில டங்குனு போட்டாங்க. அவ அழவே இல்ல. என்னைய மட்டும் பாத்துக்கிட்டு இருந்தா. நான் கேலண்டரப் பாத்துக்கிட்டு நின்னேன்.

கம்பி மாட்டுன மொத வாரம் ஒண்ணும் மெல்ல முடியாது. ரசஞ்சோத்தக் கொழையக் கரைச்சுக் குடுங்க, இட்லிய பாலுல ஊற வச்சுக் குடுங்க. கம்பி குத்திக் குத்திக் கன்னத்துக்குள்ள புண்ணு வந்துரும். அதுக்கு ஒரு மெழுகு குடுப்பாங்க, கம்பி முனையில உருட்டி ஒட்டிக்கிடணும். மாசா மாசம் வரச் சொல்லிக் கம்பிய முறுக்குவாங்க, முறுக்குன அன்னைக்குத் திரும்ப வலி. அப்புறம் முறுக்கு, கரும்பு, சீடை, எலும்பு ஒண்ணும் ஆகாது. கடலைமிட்டாய் ஆகவே ஆகாது. கோவில்பட்டியில பொறந்த புள்ளகிட்ட கடலைமிட்டாய் திங்காதன்னா எப்படி இருக்கும், நெனச்சுப் பாருங்க. ஒரு நாள் பள்ளிக்கூடத்துல யாரோ குடுத்தத கடிச்சுட்டு கம்பியப் புடிச்சுக்கிடப் பல்லுல ஒட்டியிருந்த குமிழு ரெண்டு பேந்து வந்துருச்சு. அன்னைக்கு அவள நல்லா வஞ்சுட்டேன். கை ஓங்கிட்டேன்னே வச்சுக்கிடுங்க. இப்ப அத நெனச்சா கஷ்டமா இருக்கு.

அவ பல்லுக்கு என்னன்னா கேக்குறீங்க? தெத்துப்பல்லுங்க. வலது பக்கம், மேல. கோரைப்பல்லு பக்கத்துப் பல்லு மேல ஏறி உக்காந்துருக்கும். சிரிச்சா மொதல்ல அதுதான் எட்டிப் பாக்கும், அப்புறந்தான் மத்த பல்லெல்லாம் வரும். அவ அம்மாவுக்கும் அதே பக்கம், அதே பல்லு. அச்சு எடுத்த மாதிரி.

பூங்கோதைக்கு அது ஒரு கொறையாவே தெரியாது. வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கலாமுல்ல. அப்படிச் சிரிக்க மாட்டா. மாடிப்படி அதிரச் சிரிப்பா. கல்யாணத்துக்கு முன்னாடியே தம்பிகிட்ட சொன்னேன், பொண்ணு நல்ல பொண்ணுதான், பல்லுதான் இப்படி இருக்குன்னு. அவன் கேக்கணுமே. கல்யாணத்தன்னைக்கு போட்டோக்காரரு நிக்க வச்சப்ப நான் பையப் போயி அவ காதுல சொன்னேன், வாய மூடிக்கிட்டு நில்லு, ஆல்பம்ங்கறது காலத்துக்கும் இருக்கறதுன்னு. "சரி மதினி"ன்னா. நான் சொன்னதத் தட்ட மாட்டா, அத ஒத்துக்கிடணும். அதுக்கப்புறம் எந்தப் போட்டோவுலயும் அவ வாயத் தொறக்கல. எல்லாத்துலயும் உம்முன்னு நிப்பா. நல்லதுக்குத்தான் சொன்னேன்.

நான் எப்பவும் நல்லதுக்குத்தான் சொல்லுவேன். எங்கிட்ட ஒரு கொணம். கோணையா ஒரு தையலப் பாத்துட்டா, பிரிச்சுட்டுத் திரும்பத் தைக்கலைன்னா எனக்கு இருப்புக் கொள்ளாது. அடுத்தவங்க தச்சதா இருந்தாலும் சரி.

அவ இறந்த பெறகு மாலை போட்டு மாட்ட ஒரு படம் வேணும்ல. உம்முன்னு நிக்கற படத்தயா மாட்ட முடியும். தேடுனப்ப தம்பி போன்ல ஒண்ணு கெடந்துச்சு. இந்துவுக்குக் காது குத்துனப்ப யாரோ சொல்லாமக் கொள்ளாம எடுத்தது. புள்ள வீல்னு கத்துது, இவ அதப் பாத்துச் சிரிக்கிறா. முகம் நல்லாத் தெளிவா விழுந்துருந்துச்சு. ஸ்டுடியோவுல குடுத்தேன். ஸ்டுடியோக்காரரு பெருசு பண்ணிப் பாத்துட்டு, "அக்கா, இந்தப் பல்லு மட்டும் எடுப்பாத் தெரியுது, கம்ப்யூட்டர்ல வரிசை பண்ணிறவா?"ன்னாரு. பண்ணிருங்கன்னேன். சீலையும் பழசா இருக்குன்னு பட்டுச் சீலையா மாத்தித் தந்தாரு. அம்மன் மாதிரி வந்துச்சு படம். இப்ப நடுக்கூடத்துல மாட்டியிருக்கோம். பாக்குறவங்கல்லாம் கும்புட்டுட்டுப் போவாங்க.

தம்பி பாத்துட்டு "நல்லாருக்குக்கா"ன்னு சொல்லிட்டு வெளிய போயி வண்டியக் கழுவ ஆரம்பிச்சுட்டான். இந்துதான் படத்துக்கு முன்னாடி நின்னுக்கிட்டு, "இது யாரு அத்தை?"ன்னு கேட்டா. சின்னப் புள்ள, அம்மா போன அதிர்ச்சியில அதுக்கு ஒண்ணும் புரியல. அந்தப் போனும் பின்னாடி தண்ணித் தொட்டியில விழுந்து போச்சு. இந்த ஒரு படத்தயாவது உருப்படியா எடுத்து வச்சோமேன்னு நெனச்சுக்கிடுவேன்.

எங்க விட்டேன். ஆங், கிளிப்பு. இந்து பெரிய மனுசி ஆனா. சடங்கு வச்சோம். பாவாடை, ரவிக்கை எல்லாம் நானே தச்சேன். ஜரிகை வச்சு, மடிப்பு வச்சு, கண்ணு வலிக்கத் தச்ச பாவாடைங்க அது. வந்தவங்க ஒருத்தராவது பாவாடையப் பாக்கணுமே. எல்லாரும் புள்ள முகத்தப் பாத்துட்டு, "அப்படியே பூங்கோதைய உரிச்சு வச்சிருக்கு, அந்தப் பல்லோட சேத்து"ன்னாங்க. ஒருத்தரு ரெண்டு பேரு இல்ல, வந்த அம்புட்டுப் பேரும். சோறு ஊட்டுனது யாரு, தல வாரி விட்டது யாரு, அதக் கேக்க ஆளு இல்ல. எனக்கு ஒண்ணும் இல்லைங்க. புள்ளைக்கு நாளைக்கு நாலு பேரு பாக்க வருவாங்கள்ல, அதுக்காகத்தான் யோசிச்சேன். மறு வாரமே இங்க கூட்டிட்டு வந்துட்டேன்.

பள்ளிக்கூடத்துல பல்லச் சொல்லிக் கேலி பண்றாங்களாடின்னு கேட்டேன். இல்லையே அத்தைன்னா. புள்ளைங்க எங்க இதெல்லாம் வாயத் தொறந்து சொல்லுது. டாக்டரம்மா எக்ஸ்ரே எல்லாம் எடுத்துப் பாத்துட்டு, இந்துவத் திருப்பி, "உனக்கு விருப்பமாம்மா? நீதான் ரெண்டு வருசம் போட்டுக்கிட்டு இருக்கணும்"னு கேட்டாங்க. நான், விருப்பந்தான் டாக்டர்னேன். அவ என்னையப் பாத்தா, தலைய ஆட்டினா. சரின்னுதான் ஆட்டுன மாதிரி இருந்துச்சு.

தம்பியா? அவன் என்ன சொல்லுவான். அக்கா பண்ணா சரியாத்தான் இருக்கும்பான். அவனுக்கு ஒரு பழக்கம் உண்டுங்க. வேல முடிஞ்சு வந்து, வண்டிய நிறுத்திட்டு, சட்டையக் கழத்துறதுக்கு முன்னாடி, "இந்து, எங்க, சிரி பாப்போம்"பான். அவளும் ஈன்னு காட்டுவா. அதப் பாத்துட்டுத்தான் குளிக்கப் போவான். பூங்கோதை போன நாள்லேர்ந்து தெனமும் இது நடக்கும். கிளிப் மாட்டுன பெறகு அது நின்னு போச்சு. புள்ளைக்கு வாய் வலிக்குமேன்னு கேக்காம இருந்தான் போல. அப்புறம் பொம்பளப் புள்ள வளந்துருச்சுல்ல, அதுவும் இருக்கும்.

கிளிப்பக் கழத்துன அன்னைக்கு நான் தெரு முழுக்க அல்வா குடுத்தேன். அப்படி ஒரு வரிசைங்க. ஸ்கேல் வச்சுக் கோடு போட்டாப்ல. எனக்குப் பெருமை தாங்கல. அவ கண்ணாடி முன்னாடி ரொம்ப நேரம் நின்னா. வெரல வச்சுத் தடவித் தடவிப் பாத்தா. "அத்தை, யாரோ மாதிரி இருக்கு"ன்னா. பழகிரும்டின்னேன். சாயங்காலம் தம்பி வந்தான். சிரிச்சுக் காட்டுடின்னு நானே சொன்னேன். காட்டினா. அவன் பாத்துட்டு, "நல்லாருக்கு"ன்னான். வண்டியக் கழுவப் போயிட்டான்.

சரி, இப்ப முக்கியமானதக் கேளுங்க. கிளிப்பக் கழத்துனதோட முடிஞ்சுருச்சுன்னு நெனச்சுறாதீங்க. அதுக்கப்புறம்தான் இருக்கு. ரீடெய்னர்னு ஒண்ணு குடுப்பாங்க. மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டு இருக்கற மாதிரி ரோஸ் கலர்ல ஒரு தகடு, முன்னாடி ஒரு கம்பி. நாங்க பிளேட்டும்போம். அத எந்நேரமும் போட்டுருக்கணும், சாப்பிடறப்ப மட்டும் கழத்தணும். போடலைன்னா பல்லு பழைய இடத்தத் தேடிப் போயிரும். டாக்டரம்மா என்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க, எல்லாரும் தொலைக்கிறது சாப்பாட்டு நேரத்துலதான், கழத்துனா டப்பாவுல போடணும், சும்மா வைக்கக் கூடாதுன்னு. நான் சரி சரின்னு தலைய ஆட்டுனேன். வீட்டுல அந்த டப்பாவுல நான் குண்டூசி போட்டு வச்சுருந்தேன். அதுவும் என் தப்புதான்.

பூங்கோதைக்கு வருசத் தெவசம் வந்துச்சு. நாங்க ஐயரெல்லாம் வச்சுப் பெருசாப் பண்றதில்ல. படத்துக்கு மாலை போட்டு, முன்னாடி தல வாழ இலை விரிச்சு, அவளுக்குப் புடிச்சதெல்லாம் படைப்போம். கத்திரிக்காப் புளிக்கொழம்பு, பருப்பு வடை, ஒரு ஓரத்துல கடலைமிட்டாய். மொட்டமாடியில காக்காவுக்கு வச்சுட்டு வந்து, சொந்தக்காரங்களுக்குப் பந்தி போடுவோம். படையல் இலையில மட்டும் வீட்டு ஆளு ஒருத்தர் உக்காந்து சாப்பிடணும். எப்பவும் இந்துதான் அதுல உக்காருவா. சாப்பிட்டு முடிச்சு, அந்த இலையக் குப்பைத் தொட்டியில போடக் கூடாது பாருங்க, கொல்லையில முருங்க மரத்து மூட்டுல குழி தோண்டிப் போட்டு மூடுவா. நான் சொல்லணும்னு கெடையாது, வருசா வருசம் அவளே மண்வெட்டிய எடுத்துக்கிட்டுப் போயிருவா. அந்த விசயத்துல புள்ளயக் கொறை சொல்ல முடியாது.

அன்னைக்கும் அப்படித்தான். நான் பரிமாறிக்கிட்டு ஓடிக்கிட்டு இருக்கேன். அவ படத்துக்கு அடியில உக்காந்து பிளேட்டக் கழத்தி இலைக்குப் பக்கத்துல வச்சா. நான் பாத்தேன். பாத்துட்டும் டப்பாவ எடுத்துக் குடுக்கல. எனக்கு ரசம் பொங்குதுன்னு அவசரம். பந்தி முடிஞ்சது. இலைய மடிச்சு மடிச்சுக் கூடையில போட்டேன். எனக்குக் கை வேகம், தெரியும்ல, வெட்டுத்துணிய வாரிப் போடுற மாதிரி வாரிப் போட்டுத் தெருமொனத் தொட்டியில கொட்டிட்டு வந்துட்டேன்.

சாயங்காலம் பாக்குறேன், புள்ள வாயில பிளேட்டு இல்ல. எங்கடின்னேன். "சாப்பிடறப்பக் கழத்தி வச்சேன் அத்தை, அப்புறம் காணோம்"னா. எனக்கு உசுரே இல்ல. இலையோட சேத்து மடிச்சுட்டோமேன்னு தலையில அடிச்சுக்கிட்டு ஓடுனேன். தொட்டியில எச்சி இலையெல்லாம் நாயி இழுத்துப் போட்டுருக்கு. ஒவ்வொரு இலையாக் கையால பிரிச்சேன். தெருவே நின்னு பாக்குது. தம்பியும் வந்து கிளறினான். இந்து வாசப்படியில நின்னுக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருந்தா, வந்து தேடக்கூட இல்ல. பாவம், பயந்து போயி நின்னுட்டா. கடைசியில அவதான் வந்து என் கையப் புடிச்சு, "போதும் அத்தை, வாங்க, கையக் கழுவுங்க"ன்னு இழுத்துட்டுப் போனா. அவளே சோப்புப் போட்டு என் கையக் கழுவி விட்டா. அழுதுட்டா அவ. நானும் அழுதேன்.

பிளேட்டு போனா வேற செஞ்சுக்கலாம்ல, அதத்தான கேக்குறீங்க. செஞ்சுக்கலாம். உடனே வந்து அளவு குடுத்துருக்கணும். பரிச்ச வருது அத்தை, அப்புறம் போலாம்னா. சரின்னு விட்டேன். பரிச்ச முடிஞ்சதும் காச்சல்னா. அப்புறம் எனக்குத் தைக்கத் தீபாவளித் துணி குமிஞ்சு போச்சு. அப்படியே நாள் போயிருச்சு. நான் கறாரா நின்னுருக்கணும். நானும் நிக்கல. தப்பு பண்ணவ எந்த மொகத்தோட அவள வெரட்டுறது.

ஆனா ஒண்ணு சொல்லணும். அவ என்னைய ஒரு சொல்லு சொன்னதில்ல. நான்தான் சும்மா சும்மா, என்னாலதானடி உனக்கு இப்படி ஆச்சுன்னு பொலம்புவேன். "உங்க தப்பு இல்ல அத்தை, விடுங்க"ன்னு கெஞ்சுவா. அன்னையிலேர்ந்து அவளுக்கு எம்மேல அப்படி ஒரு பாசம். மிஷின் மிதிச்சு எனக்குக் கால் கடுக்கும், கேக்காமலே வந்து தைலம் தேச்சு விடுவா. பள்ளிக்கூடத்துல பிஸ்கட் குடுத்தா பாதிய எனக்குப் பொட்டலம் கட்டிக்கிட்டு வருவா. இம்புட்டுத் தங்கமான புள்ளைக்குப் போயி இப்படிப் பண்ணிட்டமேன்னு எனக்கு இன்னும் கூடத்தான் அறுக்கும்.

பல்லு? பல்லு கெளம்பிருச்சுங்க. பழைய மாதிரி முழுசா ஏறல, லேசாத் திரும்பி, சிரிச்சா எட்டிப் பாக்குது. மொதல்ல பாத்தது தம்பிதான். ஒரு நாள் சாயங்காலம் வந்தவன், சட்டைப் பொத்தான்ல கை வச்சவன், அப்படியே நின்னுட்டான். "இந்து, எங்க, சிரி பாப்போம்"னான். எத்தன காலம் கழிச்சு. அவ சிரிச்சா. அவன் பாத்துக்கிட்டே இருந்தான். அப்புறம் தரையில உக்காந்து அவளோட என்னென்னமோ பேசிக்கிட்டு இருந்தான், குளிக்கக்கூடப் போகல. எனக்கு நெஞ்சுல யாரோ மிதிச்ச மாதிரி இருந்துச்சு. அம்புட்டுப் பாடுபட்டு நேராக்குனது போச்சேன்னு.

மறுநாளே டாக்டரம்மாவப் பாத்தேன். அவங்க சொன்னாங்க, ஒரு ஆறேழு மாசம் திரும்பக் கிளிப் போட்டு இழுத்துறலாம், அப்புறம் பிளேட்டு வேலையே வேண்டாம், பல்லுக்குப் பின்னாடி மெல்லிசா ஒரு கம்பிய ஒட்டிருவோம், கழத்தவே முடியாது, தொலையவும் தொலையாதுன்னு. எனக்கு அப்பதான் உசுரு வந்துச்சு. அவகிட்ட சொன்னேன். "சரி அத்தை"ன்னா. தலைய நிமிரவே இல்ல. எந்திரிச்சுக் கொல்லைக்குப் போயி முருங்க மரத்துக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு நின்னா. முருங்க என்ன தண்ணி கேக்குற மரமா. இந்த ஒரு வருசமா அதுக்கு ஊத்து ஊத்துன்னு ஊத்துறா.

இதாங்க கதை. ஒரு இலைய மடிச்ச அவசரம், புள்ளைக்கு மறுபடியும் கம்பி, மறுபடியும் வலி. உங்க மகளுக்குப் பிளேட்டு வந்தா டப்பாவுல போடச் சொல்லுங்க. பந்தியில இலைய மடிக்கறதுக்கு முன்னாடி...

என்ன கேட்டீங்க?

அவ சாப்பிட்ட இலையையும் நானே மடிச்சுக் கூடையில போட்டேனான்னா?

போட்டேன். எல்லா இலையவும் நான்தான... இல்ல, இருங்க.

அவ பந்தியில உக்காரலையே. அவ உக்காந்தது படையல் இலையில. அந்த இலைய நான் தொடவே இல்லையே. அத அவதான மடிச்சா. ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டுக் கொல்லைக்குப் போனா. நான் ரசச் சட்டியோட நின்னுக்கிட்டு, மண்வெட்டி கோழிக்கூட்டுப் பக்கம் கெடக்குடின்னு சொன்னேன். திரும்பி வந்தப்ப கையில மண்ணு.

முருங்க மூட்டுல.

ஒரு செம்பு தண்ணி குடுங்க. இல்ல, இருக்கட்டும், ஒண்ணுமில்ல எனக்கு.

ஊரு நாயி இழுத்த எச்சி இலையெல்லாம் பிரிச்சேன். எங்க வீட்டுக் கொல்லைய எட்டிப் பாக்கலையே நான். அவ வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டு இருந்தாளே. என் கையக் கழுவி விட்டு அழுதாளே. ஒரு வருசமாத் தைலம் தேச்சு விட்டாளே. நான் பொலம்பறப்பல்லாம் அந்தப் புள்ளைக்கு எப்படி இருந்துருக்கும். சொல்லவும் முடியாம, மெல்லவும் முடியாம. சொல்ற மாதிரியா நான் அவள வச்சுருந்தேன்.

யாரோ மாதிரி இருக்குன்னு சொன்னாளே. படத்துக்கு முன்னாடி நின்னும் யாருன்னுதான் கேட்டா. புள்ளைக்குப் புரியலைன்னு நெனச்சேன். எனக்குத்தான் புரியல. பூங்கோதை சிரிச்சத எல்லாப் படத்துலயும் மூட வச்சேன், மூடாத ஒண்ணையும் ஸ்டுடியோவுல குடுத்து மாத்துனேன், மிச்சம் இருந்தது இந்து வாயில. அதையும் கம்பி போட்டு... நல்லதுக்குன்னுதாங்க பண்ணேன். சத்தியமா நல்லதுக்குன்னுதான் நெனச்சேன். தையலப் பிரிக்கறப்ப நூல மட்டுந்தான் அறுக்குறோம்னு நெனப்பு. ஓட்டை துணியில இருக்கும்ல.

ஒரு வருசமா நான் ஒரு தப்பச் சொல்லி அழுதுக்கிட்டு இருந்தேன். அது நான் பண்ணாத தப்பு. பண்ணதுக்கு அழவே இல்லையே.

ஏங்க, உங்களுக்குத் தெரியுமா, இந்து இப்ப சிரிக்கறத ஒரு போட்டோ எடுத்துக் குடுத்தா, அதப் பாத்து அவ அம்மா படத்துல அந்தப் பல்லத் திரும்ப வச்சுத் தருவாங்களா? எடுக்க முடிஞ்சவங்களுக்கு வைக்க முடியாமலா போகும். சீலையையும் பழைய சீலையாவே மாத்தச் சொல்லணும்.

அந்தா, ஹாரன் சத்தம். தம்பி வண்டிதான். வந்துட்டாங்க.

கேக்குதா? மாடிப்படியில. அவதான் சிரிக்கிறா. தம்பி என்னமோ சொல்லிருப்பான். கிளிப் மாட்ட வர்ற புள்ள இப்படிச் சிரிச்சுக்கிட்டு வருது பாருங்க. இன்னைக்கோட போகுதே, அதுக்குள்ள சிரிச்சு முடிச்சுருவோம்னு நெனச்சாளோ என்னமோ.

என்னம்மா? இந்துஜாவா? ஆமா, நாங்கதான். நர்சம்மா, ஒரு உதவி, எங்களுக்குப் பதிலா இவங்கள அனுப்புங்க. இவங்க சும்மா விசாரிக்கத்தான் வந்துருக்காங்க. நாங்க அப்புறம் டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டுக் கெளம்பிருவோம். இல்லம்மா, வேற நாள் வேண்டாம். கிளிப் வேணும்னா இந்துவே வந்து சொல்லட்டும்.

நீங்க போங்க. உங்க மகளக் கூட்டிட்டு வர்றப்ப, டாக்டரம்மா உனக்கு விருப்பமான்னு அவகிட்டதான் கேப்பாங்க. நீங்க பதில் சொல்லிறாதீங்க. அவ எம்புட்டு நேரம் எடுத்தாலும் சும்மா இருங்க. மெழுகு, முறுக்கு எல்லாம் அதுக்கு அப்புறம்.

உள்ள வந்துட்டா. அந்தா, நீலச் சுடிதாரு, எட்டிப் பாக்குது பாருங்க வலது பக்கம். நல்லாத்தான இருக்கு?

அவகிட்ட நீங்க பிளேட்டப் பத்தி ஒண்ணும் கேட்டுறாதீங்க. சொல்லணும்னு அவளுக்குத் தோணுற அன்னைக்குச் சொல்லட்டும். அதுவரைக்கும் இலைய நான்தான் மடிச்சேன்.